உண்ணி ஓயாத நாய்: வேப்பெண்ணெய் எதுவரை உதவும், எங்கே நிறுத்த வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: ஒன்றரை வயது சிப்பிப்பாறை இன நாய், 20 கிலோ எடை. வாரத்துக்கு இருமுறை குளிப்பாட்டியும் உண்ணி குறையவில்லை. ரசாயன மருந்துக்குப் பயந்து வேப்பெண்ணெய் தடவி, சோற்றில் பூண்டு கலந்து கொடுக்கிறார்கள். சாப்பாடு பெரும்பாலும் பால்சோறு. அடிக்கடி வயிற்றுப்போக்கு. இரண்டு நாளாக நாய் சோர்வாக இருக்கிறது. எல்லாவற்றையும் இயற்கையாகவே சரிசெய்ய முடியுமா?

முதலில் அந்தச் சோர்வைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துச் சூடு பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மூக்கு ஈரமாக இருக்கிறதா, காது சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது கணக்கில் வராது. 103.5-ஐத் தாண்டினாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உண்ணி இருக்கும் நாய் சோர்ந்தால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்தான்.

நம் ஊரில் உண்ணி வழியாக வரும் கிருமிகளில் முக்கியமானவை எர்லிக்கியா, பபேசியா. எர்லிக்கியா வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும், பிளேட்லெட்டைக் குறைக்கும். பபேசியா சிவப்பணுக்களை உடைக்கும். காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், பிளேட்லெட் எண்ணிக்கை பார்ப்பதும் அதிகச் செலவில்லாத சோதனைகள். தகட்டில் கிருமி தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, பிளேட்லெட்டும் அறிகுறிகளும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். எர்லிக்கியாவுக்கு வழக்கமான மருந்து டாக்ஸிசைக்ளின், 28 நாள். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். நாலைந்து நாளில் நாய் எழுந்து வாலாட்டும், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கிருமி உள்ளேயே தங்கி, சில மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் நிலையில் திரும்பும். மாத்திரையை வெறும் வயிற்றில் தராமல் சாப்பாட்டோடு கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடும், கீழே சொல்லப்போகும் முட்டை ஓட்டுப் பொடியோடும் சேர்த்துத் தர வேண்டாம், கால்சியம் மருந்தின் உறிஞ்சலைக் குறைக்கும்.

பப்பாளி இலைச் சாறு பற்றி எல்லோரும் கேட்பார்கள். பிளேட்லெட் குறைவதற்குக் காரணம் கிருமி. கிருமி போனால் பிளேட்லெட் தானே ஏறும். சாறு கிருமியைக் கொல்லாது. கசப்பில் நாய் வாந்தி எடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல்.

பூண்டை இன்றோடு நிறுத்துங்கள். பூண்டு, வெங்காயம் இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. உண்ணியை அது விரட்டும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. பபேசியா ஏற்கெனவே சிவப்பணுவை உடைத்துக்கொண்டிருக்கும் நாய்க்குப் பூண்டும் கொடுத்தால் ரத்தச்சோகை இரு பக்கமிருந்தும் வரும்.

இனி உண்ணி. நம் வீட்டு நாய்களில் பெரும்பாலும் காணப்படுவது பழுப்பு நிற நாய் உண்ணி. இது புல்லை விட வீட்டை விரும்புகிறது. தோட்டத்துப் புல்லை வெட்டிவிட்டு உண்ணி போகவில்லையே என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். வயிறு முட்ட ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டுக் கீழே விழும், சுவரேறும். சுவர் விரிசல், நிலைக்கதவின் இடுக்கு, கட்டில் துளை, கூண்டின் பலகைச் சந்து, கூரை விட்டம் எங்காவது ஒதுங்கி 4,000 வரை முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சு பொரித்து நாய்மேல் ஏறும், குடிக்கும், விழும், சட்டை உரிக்கும். அடுத்த பருவத்திலும் மறுபடி ஏறும், விழும். கடைசிப் பருவத்திலும் அப்படியே. மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கும் பிராணி இது. வளர்ந்த உண்ணி சாப்பாடே இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல்கூடச் சுவரில் காத்திருக்கும். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் சிறு பங்கு. நாயை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் ஓயாததற்கு விடை சுவரில் இருக்கிறது.

ரசாயனமே தொடாமல் செய்யக்கூடிய வேலைகளில் மிகப் பலன் தருவதும் இந்தச் சுவர் வேலைதான். நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி ஓர் ஆள் உயரத்துக்கு விரிசல்களைச் சிமெண்டாலோ சுவர்ப் புட்டியாலோ அடைத்துவிட்டு, கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். நீற்றிய சுண்ணாம்பு காயும்வரை இரண்டு நாள் நாயை வேறு இடத்தில் கட்ட வேண்டும், ஈரச் சுண்ணாம்பு பாதத்தையும் நாக்கையும் புண்ணாக்கிவிடும். சாக்கு விரிப்பைத் தூக்கிப் போடுங்கள், அதன் இழையெல்லாம் முட்டைக்கு இடம். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போட்டு, வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மரக்கூண்டு இருந்தால் இரும்புக் கூண்டாக மாற்றுவது நல்லது. வேக்யூம் கிளீனர் இருந்தால் மூலை, சுவரடி ஓரம், கட்டில் கால் எல்லாம் வாரம் இருமுறை இழுத்து, பையில் சேர்ந்ததை அன்றைக்கே எரித்துவிட வேண்டும். ஒரு தலைமுறை சுற்றிவர ஏறக்குறைய இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதனால் இந்த வேலையை மூன்று மாதத்துக்குக் குறையாமல் விடாமல் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் நாய் சுத்தமாகத் தெரிந்ததும் விட்டால், இடுக்கில் இருந்தவை பொரித்து வந்து சேரும்.

தினமும் மாலையில் ஐந்து நிமிடம் கையால் தடவிப் பார்த்து எடுங்கள். காது மடலுக்குள், விரலிடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலடி. சிப்பிப்பாறைக்கு முடி குட்டை என்பதால் இது சுலபம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது, உள்ளிருக்கும் கிருமி உங்கள் கைக்கும் வரும். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் வைப்பது இரண்டும் வேண்டாம். சூடு பட்ட உண்ணி தன் எச்சிலை நாயின் உடம்புக்குள் கக்கும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் நுரையீரலில் இறங்கி நிமோனியா வரும்.

வேப்பெண்ணெய்க்கு வருவோம். அதிலுள்ள அசாடிராக்டின் உண்ணி ஏறுவதை ஓரளவு தடுக்கும், சிறு பருவங்களின் வளர்ச்சியைக் குலைக்கும். ஏற்கெனவே கடித்து ஊதிப்போயிருக்கும் பெரிய உண்ணியை அது நம்பும்படி கொல்லாது. எண்ணெயை அப்படியே தடவுவதுதான் பெரும் தவறு. தோல் சிவந்து எரியும், வெயிலில் தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும், நக்கினால் எச்சில் ஒழுகி வாந்தி வரும். சரியான அளவு: செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் 10 மில்லி, வாசனையில்லாத குழந்தை ஷாம்பு 5 மில்லி, வெதுவெதுப்பான தண்ணீர் 1 லிட்டர். முதலில் எண்ணெயையும் ஷாம்பையும் பால்போல ஆகும்வரை கலக்கி, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தண்ணீரில் நேரடியாக எண்ணெயை விட்டால் மேலே மிதக்கும், ஒரு பக்கம் வெறும் தண்ணீரும் மறுபக்கம் வெறும் எண்ணெயும்தான் நாய்மேல் விழும். உள்தொடையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, சிவக்கவில்லை என்றால் துணியில் நனைத்து முடிக்கு எதிர்த்திசையில் தேய்க்கலாம். கண், மூக்கு, பிறப்புறுப்பு வேண்டாம். காயும்வரை அரை மணி நேரம் நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை போதும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், தண்ணீரில் கலந்த பிறகு அதன் வீரியம் சீக்கிரம் குறையும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி, சினை நாய், வீட்டில் இருக்கும் பூனை இவற்றுக்கு இது கூடாது.

உண்ணி நூற்றுக்கணக்கில் இருக்கும் வீட்டில் இதை மட்டும் நம்புவது சரியாக வராது. மருத்துவரிடம் கேட்டு உண்ணியைக் கொல்லும் மாத்திரை கொடுங்கள். ஃப்ளூரலேனர் ஏறக்குறைய 12 வாரம் வேலை செய்யும், அஃபாக்ஸோலேனர் ஒரு மாதம். கடித்த உண்ணி முட்டையிடும் முன்பே செத்துவிடுவதால் சங்கிலி அறுபடும். வலிப்பு வந்த நாய்களுக்கு இந்த வகை மாத்திரைகளில் எச்சரிக்கை வேண்டும், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-லேயே அறிவித்திருக்கிறது. அப்படிப்பட்ட வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் மாத்திரையும் சுவர் வேலையும் சேர்த்துச் செய்து கூட்டத்தை ஒழித்துவிட்டு, பிறகு வேப்பெண்ணெயும் தினசரி சோதனையுமாக ஓட்டிக்கொள்வது நல்ல வழி. தலைகீழாக, வேப்பெண்ணெயில் ஆரம்பித்து எதுவும் கேட்காமல் கடைசியில் மாட்டு உண்ணிக்கு வைத்திருக்கும் அமிட்ராஸையோ டெல்டாமெத்ரினையோ கண்ணளவில் மூடி மூடியாகக் கலந்து ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கிறது. இயற்கை என்று தொடங்கியவர்கள் முடிவில் மிக ஆபத்தான ரசாயனத்தில் போய் நிற்பது இப்படித்தான். அமிட்ராஸ் அதிகமானால் நாய் தள்ளாடும், இதயத் துடிப்பு குறையும். டெல்டாமெத்ரின் பூனையைக் கொல்லும்.

மாட்டு வைத்தியம் என்றதும் இன்னொன்று. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் மூலிகை முறை பால் பண்ணைகளில் நன்றாகப் பரவியிருக்கிறது. அதைப் பார்த்து நாய்ப் புண்ணுக்கும் அதே விழுதைப் பூசுகிறார்கள். மாடு மடியை நக்கித் தீர்க்காது, நாய் நக்கும். சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும், கற்றாழைத் தோலடி மஞ்சள் பால் கடும் பேதியைக் கிளப்பும்.

சாப்பாடு. பால்சோறுதான் வயிற்றுப்போக்குக்கு முதல் காரணமாக இருக்கும். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலின் லாக்டோஸ் செரிக்காது. தயிரில் அது குறைவு என்பதால் நாளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தயிர் ஒத்துக்கொள்ளும். பெரிய குறை புரதத்திலும் கால்சியத்திலும் இருக்கிறது. 20 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 முதல் 1,050 கிலோ கலோரி தேவை. அதை இப்படிப் பிரிக்கலாம்: வெந்த சோறு 300 கிராம், எலும்பில்லாத கோழிக்கறி பச்சையாக எடைபோட்டு 330 கிராம், முட்டை ஒன்று, ஈரல் 20 கிராம், பரங்கிக்காயோ கேரட்டோ 100 கிராம், எண்ணெய் இரண்டு டீஸ்பூன். கறியையும் காயையும் உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் சோற்றிலேயே ஊற்றிப் பிசைந்து இரண்டு வேளையாகக் கொடுங்கள். வாரம் இருமுறை கோழிக்குப் பதில் மத்தி மீனை முள் நீக்கிப் போட்டால் தோலுக்கு நல்லது. ஈரல் பிடிக்கிறதே என்று தினமும் அள்ளிப்போட வேண்டாம், வைட்டமின் ஏ அளவு மீறிச் சேரும்.

கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. எலும்பு போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும், ஆட்டெலும்பு அடைத்துக்கொள்ளும். அதற்கு மாற்று முட்டை ஓடு. கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவுபோல அரைத்துச் சலியுங்கள். மேலே சொன்ன ஒருநாள் உணவுக்கு அரை டீஸ்பூன், அதாவது 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 1 கிராம் கால்சியம் தரும். கைக்கு வந்தபடி கூட்டினால் துத்தநாகம் உறிஞ்சப்படாமல் முடி கொட்டும். இத்தனை பார்த்துச் செய்தாலும் வீட்டுச் சாப்பாட்டில் துத்தநாகம், வைட்டமின் டி, ஈ, அயோடின் குறைவாகவே இருக்கும், மருத்துவர் சொல்லும் சத்துப் பொடி ஒன்று வேண்டும். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கால்சியம் கூடினாலும் குறைந்தாலும் கால் வளையும்.

முட்டை மட்டும் சேர்க்கும் சைவ வீடு என்றால் நான்கு முட்டை, 60 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்தது, தயிர் என்று புரதத்தை ஓரளவு எட்டலாம். முட்டையை வேகவைத்தே கொடுங்கள். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் ஒரு வாரத்தில் கால்பங்கு கால்பங்காகக் கூட்டுங்கள். சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது அதன் உடல்வாகு. ஒல்லியாக இருக்கிறதே என்று ஊட்டிக் கொழுக்கவைக்காதீர்கள்.

வயிறு சும்மா கலங்கியிருந்தால், நாய் சுறுசுறுப்பாகவும் இருந்தால், 12 மணி நேரம் சாப்பாட்டை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள். பிறகு குழைந்த கஞ்சிச் சோறு இரண்டு பங்கு, நார் நாராகப் பிய்த்த வெந்த கோழி ஒரு பங்கு, இரண்டு கரண்டி மசித்த பரங்கிக்காய், இவற்றை நாலைந்து சிறு வேளையாக இரண்டு மூன்று நாள் கொடுக்கலாம். குழந்தைக்குப்போல வசம்பு உரசிக் கொடுப்பது, மனிதர்களுக்கான பேதி மாத்திரையைப் பொடித்துப் போடுவது வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைப் பட்டினி போடக் கூடாது. குட்டி வாந்தி எடுத்து ரத்தமாகவும் கழிந்தால் பார்வோ என்ற வைரஸ் குடல்நோய் என்று நினைத்துக்கொண்டு அந்த மணி நேரத்திலேயே கிளம்புங்கள். மஞ்சள் தண்ணீரும் இளநீரும் அதைக் காப்பாற்றாது, ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றினால்தான் வாய்ப்பு. தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து 16 வாரம் வரை தொடர வேண்டும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். இவற்றுக்கு மூலிகை மாற்று எதுவுமே கிடையாது.

உங்கள் நாய்க்கு அடிக்கடி வரும் கழிச்சலுக்குக் கொக்கிப்புழுவும் காரணமாக இருக்கலாம். இதுவும் ஈறை வெளுக்கவைக்கும், மலம் தார்போலக் கறுத்துப் போகும். உண்ணிக் காய்ச்சலோடு சுலபமாகக் குழப்பிக்கொள்ளலாம் என்பதால் ரத்தத்தோடு மலமும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பூசணி விதை, வேப்பங்கொழுந்து இதற்கு எடுபடாது. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடைக்கேற்ற பூச்சி மருந்து தேவை. முற்றத்தில் கிடக்கும் மலத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள், வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகளின் தோலுக்குள்ளும் இந்தப் புழு நுழையும்.

தோலைப் பற்றிச் சுருக்கமாக. வாரம் இருமுறை ஷாம்பு குளியல் அதிகம், தோலின் எண்ணெய்ப்பசை போய் அரிப்பு வரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாய் ஷாம்பு, நடுவில் வேண்டுமானால் வெறும் தண்ணீரோ ஆறிய வேப்பிலைத் தண்ணீரோ போதும். மேலோட்டமான சிராய்ப்புக்கு, கொதித்து ஆறிய லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவி, தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சளை மெல்லிசாகப் பூசலாம். ஆழமான கடிக்காயத்தை மஞ்சளால் அடைக்காதீர்கள், உள்ளே சீழ் கட்டும். புழு வைத்த புண்ணில் பினாயிலோ பாச்சை உருண்டையோ போடுவது விஷம். முடி கொட்டித் தோல் தடித்தால் சுரண்டிப் பார்க்கும் சோதனை தேவை. சொறிப்பூச்சிக்குக் கந்தகம் பழைய, பலனுள்ள மருந்துதான், ஆனால் படர்தாமரைக்கும் சொறிக்கும் வைத்தியம் வேறு. வண்டியில் கழித்த ஆயிலைப் பூசும் பழக்கம் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சமையலறையில் வெங்காயம் தவிரக் கவனிக்க வேண்டியவை திராட்சை, உலர்திராட்சை (பாயசத்தில் இருப்பது உட்பட), சாக்லேட், ஸைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய். திராட்சையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதப்படுகிறது. புளியிலும் அது நிறைய உண்டு, ரசம்சோறும் புளிக்குழம்புச் சோறும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், வலிக்கு டைக்ளோஃபெனாக் என்று வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது இதுவரை தடவியது, ஊட்டியது எல்லாவற்றையும் அளவோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பூண்டு எத்தனை பல், எத்தனை நாள், மாட்டு மருந்து ஏதாவது ஊற்றினீர்களா, அதன் பாட்டில் எது என்று. திட்டுவார்களே என்று மறைத்தால், ரத்தச்சோகை பூண்டாலா பபேசியாவாலா, தள்ளாட்டம் காய்ச்சலாலா அமிட்ராஸாலா என்று தெரியாமல் முதல் நாள் சிகிச்சை தவறான திசையில் போகும்.